பனியாற்றுக் குகைக்குள் படம் எடுக்க ஆசையா? மீன் துறைமுக ஐஸ் பிளாண்டில் தொடங்குங்கள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், ஞானஸ்நானம், பால்காய்ப்பு, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எது வந்தாலும் எடுப்பேன். இரண்டு குளிர்காலம் ஐஸ்லாந்து போய்ப் பனியாற்றுக் குகைகளுக்குள் எடுத்த படங்களைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கிற பையன்கள் எல்லாரும் முதலில் கேட்பது "அண்ணா, இதுக்கு என்ன கேமரா வேணும்?" என்றுதான். கேமராவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. சுற்றுலாக் குழுவோடு போனால் குகைக்குள் உங்களுக்குக் கிடைப்பது சுமார் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் விசா, விமானம், ஜாக்கெட் எல்லாம்.

முதல் தடவை எனக்கு அந்த நேரத்தில் பாதி லென்ஸ் துடைப்பதிலேயே போய்விட்டது. மீதிப் பாதியில் எடுத்ததெல்லாம் சாம்பல் நிறத்தில் வந்தது. இரண்டாவது தடவை போவதற்கு முன் ஒரு வருடம் ஊரிலேயே பழகினேன், படங்கள் கைக்கு வந்தன. அதனால்தான் இந்த வழிகாட்டி ஐஸ்லாந்தில் தொடங்காமல் நம் ஊரில் தொடங்குகிறது.

எந்தக் குகையைச் சொல்கிறோம்

இதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. அமர்நாத் பாறைக் குகை, அதற்குள் சொட்டும் நீர் உறைந்து லிங்கமாக நிற்கிறது. ஆஸ்திரியாவில் வெர்ஃபன் ஊரின் மேலே 40 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஐஸ்ரீசன்வெல்ட்டும் அதே வகைதான், சுண்ணாம்புப் பாறைக்குள் பனி. நாம் பேசுவது சுவர், கூரை எல்லாமே பனியாக இருக்கும் குகையை, அதாவது மெல்ல நகரும் பெரும்பனியான பனியாற்றின் (கிளேசியர்) வயிற்றுக்குள்ளேயே உண்டாகும் குகையை. கோடையில் மேலே உருகும் தண்ணீர் பிளவுகள் வழியாக இறங்கி, பனிக்குள் ஆறாக ஓடிச் சுரங்கம் குடைகிறது. குளிர்காலம் வந்ததும் உருகுவது குறைந்து தண்ணீர் வற்றுகிறது, சுரங்கம் மட்டும் மிச்சமாகிறது. அந்த மிச்சத்துக்குள்தான் நாம் நுழைகிறோம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இது குளிர்கால வேலை. ஐஸ்லாந்தின் தென்கிழக்கில் சுமார் நவம்பர் முதல் மார்ச் வரை. இன்னொன்று, போன வருடம் யாரோ எடுத்த படத்தில் இருக்கும் குகை இந்த வருடம் அங்கே இருக்காது. ஒவ்வொரு கோடையும் பழையதை அழித்துப் புதியதைக் குடைகிறது. குளிர் தொடங்கும்போது அங்குள்ள வழிகாட்டிகள் பனியாற்றின் மேல் நடந்து நடந்து புதுக் குகைகளைத் தேடுவார்கள். அதனால் "அந்தப் படத்தில் பார்த்த அதே வளைவு" என்று மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஐஸ் பிளாண்டில் ஒரு காலை

தேங்காய்ப்பட்டணம் பக்கம் எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர் ஐஸ் பிளாண்டில் வேலை செய்கிறார். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வரிசையாக இறக்கிய தகர கேன்களைச் சங்கிலியில் தூக்கி, சாதாத் தண்ணீரில் ஒரு முறை முக்கிச் சரித்தால் ஐஸ் பாளம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். முதல் முறை அதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது கவனித்தேன். பாளத்தின் ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் மேலிருந்து கீழ்வரை பால் ஊற்றினது போல ஒரு வெள்ளைத் தண்டு. ஏன் என்று கேட்டேன். "தண்ணிக்க உள்ள இருக்கப்பட்ட காத்துதான் மக்கா. ஓரத்துல இருந்து உறைஞ்சு வரும்போ காத்த உள்ள தள்ளிட்டே வரும், கடைசில போக எடமில்லாம நடுவுல நின்னுடும்" என்றார்.

பனியாற்றின் நிறத்துக்கான பாதிப் பாடம் இதற்குள் இருக்கிறது. பனித்தூள் விழும்போது அதில் பெரும்பகுதி காற்று, ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது, வெள்ளையாகத் தெரிகிறது. வருடக்கணக்கில் மேலே மேலே விழுந்த பனியின் எடை அதை அழுத்த, காற்றுக் குமிழ்கள் நசுங்கிக் குறைந்து, கெட்டியான தெளிவான பனியாகிறது. அதற்குள் ஒளி சிதறாமல் வெகுதூரம் போக முடிகிறது. அப்படிப் போகும்போது பனி சிவப்பை விழுங்குகிறது, நீலத்தை விட்டுவிடுகிறது. ஒரு பாளத்தில் நீலம் தெரியாததற்குக் காரணம் அதன் கனம் போதாது என்பதுதான். அதனால் குகைக்குள் கூரையைப் பார்த்ததும் எங்கே கனம் அதிகம், எங்கே வெளிச்சம் வர மெல்லிசாக இருக்கிறது, எங்கே குமிழ் நிறைந்து வெளுத்திருக்கிறது என்று உங்களால் படிக்க முடியும். படிக்கத் தெரிந்தவர் முக்காலியை (டிரைபாட்) எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் மீன் துறைமுகம் இருந்தால் ஐஸ் பிளாண்ட் கட்டாயம் இருக்கும். அனுமதி கேட்டு, ஆட்கள் வேலைக்குக் குறுக்கே நிற்காமல், ஒரு பாளத்தை வாசல் வெளிச்சத்துக்கு எதிராக நிறுத்தி வைத்துப் படம் எடுத்துப் பழகுங்கள். முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்து ஒன்று, பின்னாலிருந்து மட்டும் வெளிச்சம் வரும்படி ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னால் அடித்தது ஈரச் சிமெண்ட் மாதிரி இருக்கும். பின்னாலிருந்து வந்ததில் பாளத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கீறலும் தெரியும். குகைக்குள் ஃபிளாஷைத் தொடவே தொடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வெள்ளைச் சேலையும் ரப்பர் ஷீட்டும்

அடுத்த பாடம் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுகிறோம் என்பது. நம் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணம் எடுத்தவர்களுக்கு இது பாதி தெரியும். வெள்ளைச் சேலையில் மணப்பெண், பக்கத்தில் கறுப்பு கோட்டில் மாப்பிள்ளை. பெண்ணை மட்டும் நெருக்கமாக வைத்து ஆட்டோவில் எடுத்தால் சேலை அழுக்கு நிறமாகிறது, ஏனென்றால் கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். வெள்ளையைக் கண்டால் இருட்டாக்கும். பனியும் அப்படியே. வெளியே பனியாற்றின் மேலும் குகை வாயிலிலும் எக்ஸ்போஷரை 1 ஸ்டாப், சில சமயம் 1½ ஸ்டாப் ஏற்றி வைக்க வேண்டியிருக்கும். ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரண்டு மடங்கு.

உள்ளே போனதும் நிலைமை தலைகீழ். வாய் பளீரென்று எரியும், உள்சுவர் மங்கலாக இருக்கும். இதற்கு நான் பழகியது அருமனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கும் அறையில். புகை போடாத நாளில் போனேன். ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. மூங்கில் கம்புகளில் வரிசை வரிசையாக ஷீட்டுகள் தொங்கும், கதவைத் திறந்ததும் முதல் வரிசை தேன் நிறத்தில் ஒளிரும், இரண்டாவது வரிசை கொஞ்சம் மங்கும், ஐந்தாவது வரிசைக்கு மேல் இருட்டு. ஒரே படத்தில் கதவுக்கு வெளியே தெரியும் வெயிலும் வேண்டும், ஐந்தாவது வரிசையும் வேண்டும் என்று வைத்துக்கொண்டு முயன்று பாருங்கள். ஒரு ஷாட்டில் முடியாது என்பது பத்து நிமிடத்தில் விளங்கும். முக்காலியில் கேமராவை அசையாமல் வைத்து, 2 ஸ்டாப் இடைவெளியில் 3 படம், அல்லது 1 ஸ்டாப் இடைவெளியில் 5 படம் எடுத்துப் பின்னால் சேர்ப்பதுதான் வழி. கேமராவில் இப்படி வெவ்வேறு வெளிச்சத்தில் அடுத்தடுத்து எடுக்கும் பிராக்கெட்டிங் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கும் அளவுக்கு இதைச் செய்யுங்கள். அங்கே கையுறை போட்ட விரலோடு மெனுவுக்குள் தேட நேரம் கிடைக்காது.

படத்தின் இருட்டை இடது பக்கமும் வெளிச்சத்தை வலது பக்கமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. வெள்ளை நிறத்தில் ஒற்றைக் குன்று காட்டுமே, அதை நம்பாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வையுங்கள். குகைக்குள் நீலம் மட்டும் வலது ஓரத்தில் முட்டிப் போயிருக்கும், பொதுக் குன்று ஒன்றும் நடக்காதது போல நடுவில் உட்கார்ந்திருக்கும். அப்படி எடுத்த படத்தில் கூரையின் அலை வரிகள் எல்லாம் அழிந்து ஒரே நீலப் பூச்சாக வரும், எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

எப்போது, எங்கே

ஐரோப்பாவின் பெரிய பனிக்கவிகைகளில் (நிலத்தை மூடிக் கிடக்கும் பெரும்பனி) ஒன்றான வாட்னயோகுல் ஐஸ்லாந்தின் தென்கிழக்கில் இருக்கிறது. அதிலிருந்து கீழே இறங்கும் கிளைகளில் ஒன்று பிரேய்தாமெர்குர்யோகுல். அதன் அடியில்தான் யோகுல்சார்லோன் ஏரி, பனிக்கட்டிகள் மிதக்கும் படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து காரில் சுமார் 5 மணி நேரம், பனிப்புயல் அடித்தால் கணக்கு கிடையாது. நீலக் குகைகள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு வீக் ஊரிலிருந்து போகும் காட்லாப் பக்கத்துக் குகைகள் உண்டு. காட்லா பனிக்கு அடியில் இருக்கும் எரிமலை, கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918இல். அங்கே பனிக்குள் சாம்பல் கறுப்புப் பட்டைகளாகப் படிந்திருக்கும். நீலம் குறைவு, ஆனால் கறுப்பும் வெளிர்நீலமும் மாறி மாறி வரும் அந்தச் சுவர்கள் எனக்கு நீலக் குகையை விடப் பிடித்தவை, இதைச் சொன்னால் ஒத்துக்கொள்கிறவர்கள் குறைவு.

மாதம் கேட்டால் பிப்ரவரி என்பேன். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் சுமார் 4 மணி நேரம்தான். குகைக்குள் வெளிச்சம் என்பது வெளியிலிருந்து பனி வழியாகக் கசிந்து வருவது மட்டுமே, வெளியே மங்கினால் உள்ளே ஒன்றுமில்லை. பிப்ரவரியில் பகல் நீண்டிருக்கும், குளிரும் விட்டிருக்காது. நாளின் நேரம் கேட்டால் உச்சிப் பொழுதை ஒட்டி. மேகம் மூடியிருந்தால் வருத்தப்பட வேண்டாம், வெளிச்சம் சீராகப் பரவும், வாய்ப்பக்கம் அவ்வளவு எரியாது.

விசா பற்றி ஒரே வார்த்தை. ஐஸ்லாந்துக்கு ஷெங்கன் விசா வேண்டும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா அது. என் சித்தி மகள் அக்கா டப்ளினில் நர்ஸாக இருப்பதால் அங்கே இறங்கிப் போகலாம் என்று கிளம்பினேன். நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு இப்படி அயர்லாந்தில் சொந்தம் உண்டு, அதனால் சொல்கிறேன்: அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, அயர்லாந்து விசாவோடு ஐஸ்லாந்து போக முடியாது, இரண்டும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது

இதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. 2024 ஆகஸ்ட் 25 அன்று பிரேய்தாமெர்குர்யோகுலில் ஒரு குழு உள்ளே இருந்தபோது பனி சரிந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார், இன்னொருவருக்குப் படுகாயம். அது கோடை, அவர்களோடு வழிகாட்டிகளும் இருந்தார்கள். பனி அங்கே கல் இல்லை. உருகிக்கொண்டு, நகர்ந்துகொண்டு, தன் எடையிலேயே வளைந்துகொண்டு இருக்கிற ஒன்று. குளிர்காலத்தில் ஒப்பீட்டளவில் பாதுகாப்பு, அவ்வளவுதான். மழை பெய்தாலோ திடீரென்று வெப்பம் ஏறினாலோ வழிகாட்டி பயணத்தை ரத்து செய்வார், அப்போது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதீர்கள். சில இடங்களில் பூமிச் சூட்டால் உருகி உண்டாகும் குகைகளும் உண்டு. அவற்றில் நச்சு வாயு தேங்கும், மூக்கை நம்பி நுழைகிற இடமில்லை.

முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். குழுவில் எத்தனை பேர், குகைக்குள் எவ்வளவு நேரம், முக்காலிக்கு அனுமதி உண்டா. படம் எடுக்கிறவர்களுக்கென்றே சின்னக் குழுவாக அழைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள், காசு கூட. ஒரே தடவைதான் போக முடியும் என்றால் அந்தக் காசைக் கொடுங்கள், லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எதை எடுத்துப் போவது

சரி, கேமரா. ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப்படம்) எடுக்கத் தெரிந்த, கையால் எல்லாம் மாற்ற முடிந்த எந்தக் கேமராவும் போதும். லென்ஸ் அகலமாக வேண்டும், முழு பிரேம் கேமராவில் 14 முதல் 24 மில்லிமீட்டர் வரை. அதோடு 35 முதல் 70 வரைக்குள் ஒன்று, நுணுக்கங்களுக்கு. லென்ஸை உள்ளே மாற்றாதீர்கள், மேலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு கேமரா உடல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அகல லென்ஸை மாட்டியபடியே போய் அதிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

முக்காலி கட்டாயம். உலோகக் கால்களில் மேல் பகுதியைச் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டினேன், கை ஒட்டாமல் பிடிக்க அது போதுமானதாக இருந்தது. நுனியில் ரப்பருக்குப் பதில் கூர்முனை மாட்டுங்கள். பேட்டரி குறைந்தது மூன்று, கேமராப் பையில் வைக்காமல் சட்டைக்கு உள்பக்கம், உடம்போடு ஒட்டி. குளிரில் பேட்டரி காலியானது போலக் காட்டும். எடுத்து உள்ளே வைத்துச் சூடேற்றி மறுபடி போட்டால் இன்னும் கொஞ்சம் ஓடும். மைக்ரோஃபைபர் துணி ஐந்தாறு, ஒன்று நனைந்தால் அதை மறுபடி தொடாதீர்கள். ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் பை இரண்டு. கேமராவுக்கு மேல் மாட்ட, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று.

உடைக்கு அதிகம் சொல்ல மாட்டேன். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் உடம்பிலேயே குளிரும். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். கணுக்கால் மூடும் கெட்டியான பூட்ஸ் வேண்டும், அதன் மேல்தான் வழிகாட்டி தரும் இரும்பு முள்ளை மாட்டுவார்கள். ஹெல்மெட்டும் அவர்கள் தருவார்கள், படம் நன்றாக வரும் என்று அதைக் கழற்றாதீர்கள். கைக்கு மெல்லிய கையுறை, அதன் மேல் தடிமனான ஒன்று. படம் எடுக்கும்போது மேலதை மட்டும் கழற்றினால் போதும்.

உள்ளே நுழைந்ததும் செய்ய வேண்டியவை

கூட்டத்துக்குப் பின்னால் நில்லுங்கள். எல்லாரும் வாயில் பக்கமே செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது வழிகாட்டியிடம் கேட்டு, அவர் சொல்லும் எல்லைக்குள் ஒரு வளைவு உள்ளே போய் அங்கிருந்து வாயைத் திரும்பிப் பாருங்கள். இரண்டு நிமிடம் கேமராவைத் தொட வேண்டாம். கண் பழகட்டும்.

அப்புறம் நிறச் சாயலைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து 5000 முதல் 5500 கெல்வினுக்குள் நிறுத்துங்கள். என் முதல் பயணத்துப் படங்கள் சாம்பலானது இதனால்தான். சுற்றிலும் நீலமாகவே இருந்தால் ஆட்டோ அதைத் தவறு என்று நினைத்துத் திருத்திவிடும். ரா கோப்பில் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை, ஆனால் திரையில் சாம்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அங்கே நின்று எடுக்கும் முடிவுகள் எல்லாம் தப்பாகப் போகும். எனக்கு அப்படித்தான் போனது.

தொடக்கத்துக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 200 அல்லது 400, எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் எது வருகிறதோ அது. உள்ளே போகப் போக அரை நொடி, 2 நொடி, அதற்கு மேலும் ஆகும். 2 நொடி டைமர் போடுங்கள், பட்டனை அழுத்தும் அசைவு கூடத் தெரியும். முக்காலியின் ஒரு காலும் ஓடும் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது, அதன் நடுக்கம் படத்தில் வரும். ஆட்டோஃபோகஸ் வழுவழுப்பான பனியில் பிடிக்கத் தெரியாமல் முன்னும் பின்னும் ஓடும். சாம்பல் கோடோ, கீறலோ, பனிக்குள் மாட்டிய கல்லோ இருக்கும் இடத்தில் பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றி விடுங்கள்.

மூச்சு. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. குகைக்குள் காற்று ஏற்கெனவே ஈரம், லென்ஸும் திரையும் குளிர்ந்து போயிருக்கும், நாம் விடும் சூடான மூச்சு பட்டவுடன் மூடுபனி. வியூஃபைண்டரில் கண் வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது பக்கவாட்டில் விடுங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் லென்ஸின் முன்கண்ணாடியை ஒரு தடவை பாருங்கள்; கூரையை நோக்கித் திருப்பினால் பத்து நொடிக்குள் ஒரு துளி விழுந்திருக்கும்.

எதை எடுப்பது என்று கேட்டால், முதலில் கூரை. அது சின்னச் சின்னக் கிண்ணங்களை அழுத்தி எடுத்த மாதிரி குழிகுழியாக அலைந்து போகும்; ஓடின நீரும் காற்றும் செதுக்கியது அது. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி அகல லென்ஸில் மேல்நோக்கி எடுத்தால் அந்த அலைகள் வாயை நோக்கி ஓடுவது கிடைக்கும். ஓர் ஆளை நிறுத்துங்கள். ஆள் இல்லாத படத்தில் அது மூன்றடிப் பொந்தா முப்பதடி மண்டபமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சிவப்பு, ஆரஞ்சு ஜாக்கெட் போட்டவரானால் நல்லது. ஓரத்தில் நிறுத்தாமல் நடுப்பக்கமாக நிறுத்துங்கள், அகல லென்ஸ் ஓரத்து ஆளை இழுத்துவிடும். 1 நொடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். வழிகாட்டியிடமே கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக நிற்பார்.

அகலத்தை முடித்ததும் கிட்டே போங்கள். இரண்டாவது பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த படம் என் உள்ளங்கை அளவு சுவரை எடுத்தது. தெளிந்த பனிக்குள் குமிழ்கள் உருண்டையாக இல்லை, ஒரே பக்கம் இழுத்த மாதிரி நீண்டு, மிளகாய் விதை போல வரிசையாகப் படுத்திருந்தன. பனியாறு நகரும்போது அவற்றையும் சேர்த்து இழுத்திருக்கிறது. அவற்றின் நடுவில் ஒரு கறுப்பு மணல் துகள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது ஐஸ் பிளாண்டின் வெள்ளைத் தண்டு நினைவுக்கு வந்தது, இரண்டும் மாட்டிக்கொண்ட காற்று. இந்த மாதிரிப் படத்துக்கு லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி உதவும், ஈரச் சுவரின் பளபளப்பைக் குறைத்து உள்ளே பார்க்க விடும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும், முக்காலி இருந்தால் கவலையில்லை.

தலைவிளக்கை அணைக்கச் சொல்லி மற்றவர்களைக் கேட்கலாம், கேட்கிற விதத்தில் கேட்டால் அணைப்பார்கள். மஞ்சள் வெளிச்சம் ஒன்று சுவரில் பட்டாலும் அந்த இடம் மட்டும் அழுக்கு போலத் தெரியும். சுவரைத் தட்டவோ உடைக்கவோ வேண்டாம்.

போன் மட்டும் இருந்தால்? தாராளமாக எடுக்கலாம். ப்ரோ மோடில் ரா இருந்தால் அதைப் போடுங்கள், ஒயிட் பேலன்ஸை அங்கேயும் கையால் நிறுத்துங்கள், வாய்ப்பக்கத்தைத் தொட்டு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். சின்ன முக்காலியோ, உறுதியான ஒரு பாறையோ துணைக்கு வேண்டும். எடுக்காத நேரமெல்லாம் போன் சட்டைக்குள் இருக்கட்டும், குளிரில் சொல்லாமல் அணைந்துவிடும்.

ஐஸ்லாந்து முடியாதவர்களுக்குக் கோமுகம்

நம் நாட்டிலேயே கங்கோத்ரிப் பனியாற்றின் முனை, கோமுகம், பனிவாய் திறந்து அதிலிருந்து பாகீரதி புறப்படுகிற இடம். கங்கோத்ரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் நடை, உயரம் ஏறக்குறைய 4,000 மீட்டர். வனத்துறை அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. கங்கோத்ரியில் குறைந்தது ஒரு முழு நாள் தங்கி உடம்பைப் பழக்காமல் ஏறாதீர்கள், கடல் மட்டத்திலிருந்து போகிற நமக்குத் தலைவலியும் வாந்தியும் சீக்கிரம் வரும்.

அந்த வாய்க்குள் நுழையும் எண்ணமே வேண்டாம். முனையிலிருந்து பனிப்பாளங்கள் பெயர்ந்து விழுந்துகொண்டே இருக்கும். எட்ட நின்று 70-200 லென்ஸில், வெயில் ஏறுமுன் காலையில் எடுங்கள். ஐஸ்லாந்து நீலத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள். மேலே முழுக்கக் கல்லும் மண்ணும், சாம்பல் முகம், அதன் அடியில் ஓரிடத்தில் மட்டும் பச்சை கலந்த நீலம். அந்த மண்ணை மறைக்காமல், அதையும் சேர்த்து எடுத்தால்தான் அது இமயத்துப் பனியாறு.

வெளியே வந்த பிறகு

குகைக்குப் போகும்போது இல்லாத ஆபத்து திரும்பும்போது இருக்கிறது. நம் ஊரில் ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் வியர்க்குமே, அதேதான். குளிர்ந்த பொருள் ஈரமான சூடான காற்றைத் தொட்டால் நீர் படியும். முதல் பயணத்தில் குகையிலிருந்து வந்ததும் ஹீட்டர் ஓடும் வேனுக்குள் உட்கார்ந்து கேமராவை எடுத்துப் படங்களைப் பார்த்தேன். திரைக்கு உள்பக்கம், லென்ஸின் நடுக்கண்ணாடியில் எல்லாம் நீர். அன்று மாலை ஏரிக்கரையில் ஒரு படம் கூட எடுக்க முடியவில்லை.

ஆகவே வெளியே குளிரில் நிற்கும்போதே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். கேமராவை ஜிப் பைக்குள் வைத்து, காற்றை வெளியே தள்ளி மூடி, அதைக் கேமராப் பைக்குள் வையுங்கள். அறைக்குப் போனதும் ஹீட்டரிலிருந்து தள்ளி ஒரு மூலையில் இரண்டு மணி நேரம். ஈரம் பிளாஸ்டிக்குக்கு வெளியே படியும், கேமரா உலர்ந்தே இருக்கும். கார்டு கையில் இருப்பதால் அதற்குள் படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடலாம்.

படங்களைச் சரிசெய்யும்போது நீலத்தை ஏற்றும் கையை அடக்குங்கள். பிராக்கெட் படங்களை ஒரே பட்டனில் சேர்க்காமல், வாய்ப்பக்கத்தை இருண்ட படத்திலிருந்தும் சுவரை வெளிச்சப் படத்திலிருந்தும் கையால் மாஸ்க் போட்டு (வேண்டாத பகுதியை மறைத்து) சேருங்கள். வாய்ப்பக்கம் சுவரை விட வெளிச்சமாகவே இருக்க வேண்டும், அங்கே அப்படித்தான் இருந்தது.

ஊர் திரும்பியதும் முக்காலிக் கால்களை முழுக்கக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பனியாற்று நீரில் அரைத்த மாவு போல நுண்மணல் உண்டு, பூட்டுகளுக்குள் போய் உட்கார்ந்து அரிக்கும். லென்ஸ்களைத் துடைத்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு ஒரு வாரம் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்து எடுத்து மறுபடி போடுங்கள். அங்கே உள்ளே போன ஈரம் கொஞ்சம் தங்கியிருந்தாலும், ஜூன் மழையில் நம் ஊரில் அது பூஞ்சையாக முளைத்துவிடும்.